நினைவிருந்தால் சொல்லுங்கள், செஸ்டர்

சாட்சி சொல்ல வருபவர்களுக்கு நானே டோனட் வாங்கிக் கொடுப்பேன். வெறும் வயிற்றோடு இருப்பவர் தேவைக்கு மேல் பேசிவிடுவார். முப்பது வருட வக்கீல் தொழிலில் கண்டது இது.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் என் கட்சிக்காரருக்கு இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒன்றில் கொதிகலனின் புகைக்குழாய் விரிசல் விட்டு, குடியிருந்த பெண் ஒருத்தி நச்சுப்புகையில் மயங்கி விழுந்தாள். பிழைத்து வந்து வழக்குப் போட்டாள். இரண்டு கட்டடங்களையும் பராமரித்த செஸ்டர் நோவாக்தான் எங்கள் சாட்சி.

டோனட்டைத் தின்றபடியே சொன்னார்: "சார், இன்னொரு பில்டிங்லயும் அதே விரிசல் இருக்கு. மொதலாளிகிட்ட ரெண்டு தடவ சொன்னேன், மனுஷன் காதுலயே போட்டுக்கல. இன்னிக்கு இங்க சொல்லிடலாம்னு பாக்குறேன்."

"கேக்காததச் சொல்லாதீங்க," என்றேன். எந்த வக்கீலும் சொல்வதுதான்.

விசாரணைக்கு முன்பே சாட்சியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அறை அது, அங்கே நீதிபதி கிடையாது. இரு தரப்பு வக்கீல்கள், சாட்சி, ஒரு சுருக்கெழுத்துக்காரர், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் ஹார்க்கர் அம்மையார் கண்டதையும் கேட்டார். குடிப்பீர்களா, மனைவி ஏன் விட்டுப் போனாள் என்றெல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபித்தேன். ஆட்சேபணை பதிவாகும், ஆனாலும் சாட்சி பதில் சொல்லியே தீர வேண்டும். செஸ்டர் காது சிவக்கச் சொன்னார். எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு அந்த அம்மா கேட்டார்: "வேற பில்டிங்ல இதே மாதிரி விரிசல் பாத்தீங்களா?"

"ஆட்சேபணை. கேள்வி தெளிவா இல்ல. நெனைவிருந்தா சொல்லுங்க, செஸ்டர்."

மேசைக்கடியில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சுருக்கெழுத்துக்காரர் கையைப் பதிவு செய்வதில்லை. செஸ்டர் என்னையே பார்த்தார். அவர் வேலை என் கட்சிக்காரர் கையில் இருந்தது.

"நெனைவில்ல," என்றார்.

பிப்ரவரியில் அந்த இன்னொரு கட்டடத்தில் நான்கு பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். இருவர் குழந்தைகள். செஸ்டர் போனில் அழுதார். "சொல்லத்தான சார் வந்தேன். கைய விட்டிருக்கலாமே."

கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது என் கடமை. நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

அந்த விரிசல் எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். இதற்கு ஆட்சேபணை இல்லை. அன்றைக்கும் முறையாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அந்த விரிசலைப் பற்றியதுதான்.

தெரியும். நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லும்போது செஸ்டர் மீசையில் டோனட் சர்க்கரை ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.