சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி

“ஹலோ... ஆமா, கடையிலதான்... சொல்லுக்கா.”

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கைகள் தம்பாட்டுக்கு மாத்திரைப் பெட்டிகளை அடுக்கின.

“தூக்கிப் போட்டுட்டியா? நான் கொடுத்த ஊசியையா?... ஆமா, ஆமா, ஜெனரிக்தான், பெரிய கம்பெனிப் பேர் இல்லாததுதான். அதுக்கென்ன?... உள்ள மருந்து ஒண்ணுதான்க்கா, சட்டைதான் வேற... மட்டமா? யார் சொன்னா?... ஓ, ஜிம் மாஸ்டரா! அவர் எந்தக் காலேஜ்ல மருந்து படிச்சார்?”

அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பன்னிரண்டு கிலோ இறக்கினால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லி, எடை குறைக்கும் ஊசியும் எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவுக்கோ சோப்பு முதல் செருப்புவரை எல்லாமே பேர்போன கம்பெனிச் சரக்காக இருக்க வேண்டும்.

“பிராண்டுதான் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே, பில்லோட தந்திருப்பேன்... மாஸ்டரே பாதி விலைக்குக் கொடுத்தாரா?... பெட்டி எங்க?... பெட்டியே இல்லையா! ச்சீ, இதையா வயித்துல குத்திக்கப் போறே?... கத்தாதே. ஒரிஜினல்னு எப்படித் தெரியும்?”

பதில் நீண்டது. அடுக்கிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன.

“என்ன குறி?... ஊசிப் பேனா மூடியில?... சிவப்பு மையில, பெருக்கல் குறி. வால் கீழே வளைஞ்சிருக்கா?... அதுதான் கம்பெனி முத்திரைன்னு சொன்னானா?”

அவள் குனிந்து கவுண்டருக்கு அடியில் பார்த்தாள்.

கவுண்டருக்கு அடியில் ஒரு மஞ்சள் தொட்டி. வாடிக்கையாளர்கள் போட்டு முடித்துத் திருப்பித் தரும் ஊசிப் பேனாக்கள் அதில்தான் விழும். வாரம் ஒருமுறை எரிக்கப் போகும். விழுவதற்குமுன் ஒவ்வொரு மூடியிலும் சிவப்பாகப் பெருக்கல் குறி போடுவாள். இடக்கைக்காரி. வால் எப்போதும் கீழே வளையும்.

“அக்கா, அதைக் கீழே வை... வைன்னா வை! அது முத்திரை இல்ல, நான் போட்ட குறி. குப்பைன்னு போட்ட குறி... ஆமா, யாரோ குத்திக்கிட்டுக் கழிச்சது. உள்ள எந்தச் சாக்கடையை ரொப்பினானோ!... ஊசிமுனை புதுசா இருந்தா ஆச்சா? பேனாக்குள்ளயே அடுத்தவன் ரத்தம் ஏறியிருக்கலாம்... நீ இன்னும் குத்திக்கலையே?... அக்கா?... போன வாரமே குத்திக்கிட்டியா?... வாந்தி எடுத்தியா? மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோஷம் வேறயா! கடவுளே... அழாதே. கேளு. இப்பவே டாக்டர்கிட்ட போ. அந்தப் பேனாவையும் கவர்ல போட்டு எடுத்துக்கோ. வெக்கப்படாம எல்லாத்தையும் சொல்லு, ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு... வர்றேன், நானும் நேரா அங்கதான் வர்றேன்... மாஸ்டருக்கு யார் கொடுத்தாங்கன்னு சொல்றியா? வேண்டாம், பேர் சொல்லாதே. தெரிஞ்சுபோச்சு.”

தொட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி இரண்டு. ஒன்று அவள் கழுத்துக் கயிற்றில். மற்றது முதலாளியின் இடுப்பில்.

முதலாளி உள்ளறையிலிருந்து சிரித்தபடி வந்தார். உள்ளங்கையில் சானிடைசரைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அழைப்பைத் துண்டித்தாள். மஞ்சள் தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, வேறொரு எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ... மருந்து ஆய்வாளர் ஆபீஸா?... ஆமா, புகார்தான், எங்க முதலாளி மேல... ஆதாரம் என் கையிலயே இருக்கு. மூடியில குறி இருக்கு சார்... யார் போட்டதா? நான்தான். முதல்ல என் பேரை எழுதிக்குங்க.”