தேய்ந்துவிடும் என்று

“தூங்க வச்சே கொன்னுட்டீங்க!”

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் எதிர் இருக்கை அக்கா தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் நான் போனைக் கீழே வைத்தேன். செத்தது அவர்கள் காரின் பேட்டரி. வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்டில் ஓடும், தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும் கார்.

“மெதுவா பேசு லா. பேட்டரின்னா தேயத்தான் செய்யும்.”

“ஓட்டித் தேஞ்சா பரவால்ல. சார்ஜ் போட்டா தேஞ்சிடும்னு வாங்குன நாள்லேர்ந்து பெட்ரோல்லயே ஓட்டுனீங்க. காலியாவே கெடந்து கெட்டுப்போச்சுன்னு வொர்க்‌ஷாப்ல சொல்றான். இப்ப ஃபுல் சார்ஜ் போட்டாலும் காய்கறி வாங்க பாசார் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்ரோல் எஞ்சின் கத்துது.”

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

“சீட்டு பிளாஸ்டிக்க இன்னும் பிரிக்கல. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டு இன்னும் அலமாரியிலதான் இருக்கு. கேமரன் மலை போலாம்னு எத்தன தடவ கேட்டேன்? கார் பழசாயிடும்னீங்க. இப்ப என் முட்டி போச்சு.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் கோலாலம்பூரில் நின்றதும் முதலில் இறங்கி, அக்காவுக்குக் கை நீட்டினார்.

அக்கா கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார்.

“வேணாம். கை தேஞ்சிடப் போவுது.”