வீட்டை விட்டு வெளியேறாத குரல்கள்

2023 ஆகஸ்ட் பதினொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, போர்ட் பென்ரோஸ் காவல் நிலையத்தில் சீனியர் கான்ஸ்டபிள் டெம்பி தட்டச்சு செய்து நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்திட மறுத்தேன். என் குறை இதுதான்: என் வீட்டுக் குரல் உதவியாளரைக் ‘கடையில் வாங்கிய கருவி’ என்று அவர் எழுதியிருந்தார். நான் கடையில் வாங்கியவை உதிரிப் பாகங்கள் மட்டுமே. உதவியாளரை என் கையால் அமைத்தேன். செய்யாததைச் செய்ததாகச் சொல்லும் தாளில் மெர்வின் நான்கிவெல் கையெழுத்திட மாட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புவியியலும் மொழிப்பாடமும் கற்பித்தவன் நான். ஆகவே நடந்தவற்றை நானே எழுதித் தருகிறேன்.

அந்த மென்பொருள் எவருடைய தனிச்சொத்தும் அன்று. பல நாட்டு ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் கருவிகள் நாம் சமையலறையில் பேசுவதைக் கடல் கடந்து எங்கோ அனுப்புகின்றன. இதுவோ எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே கேட்டு, வீட்டுக்குள்ளேயே புரிந்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே பதில் சொல்லும். எங்கள் வீட்டில் பேசப்படும் ஒரு சொல்கூட வீட்டை விட்டு வெளியேறாது. இதை நான் பெருமையாகவே கருதினேன், இப்போதும் கருதுகிறேன்.

இவ்வளவும் என் தங்கை லோரிஸுக்காகச் செய்தது. அவளுக்கு விழித்திரை நோய். பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் மட்டும் தெரியும். கதவின் சட்டம் தெரியும், வாசலில் நிற்பவரின் முகம் தெரியாது. கணவன் இறந்தபின் என்னோடு வந்து தங்கினாள். எங்கள் வீடு மணல்மேட்டுக்குப் பின்னால் இருப்பதால் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. எனவே வீட்டுத் தொலைபேசியையும் அவளுக்கு வரும் செய்திகளையும் உதவியாளரோடு இணைத்தேன். அவள் கேட்டால் அது மணி சொல்லும், செய்திகளைப் படித்துக் காட்டும், எண்ணைச் சுழற்றித் தரும்.

சிறிய கணினி துணி அலமாரியில், போர்வைகளுக்கு மேல் இருந்தது. அறைக்கொரு ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வைத்தேன். கூப்பிட்டால் விழித்துக்கொள்ள அதற்கு ஒரு பெயர் வேண்டும். செத்துப்போன எங்கள் நாயின் பெயரான பர்னபியைச் சூட்டினேன். ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டுக் காக்கட்டூ கிளி அதைக் கற்றுக்கொண்டு, வேலிமேல் உட்கார்ந்தபடி எங்கள் விளக்குகளை ஏற்றி அணைக்கத் தொடங்கிற்று. லோரிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்தப் பறவைக்கு ஒரே தடவைல கீழ்ப்படியுது, மெர்வ். நீ சொன்னாத்தான் ஏன்னு கேக்குது.”

பெயரை மார்மலேட் என்று மாற்றினேன். காக்கட்டூ தோற்றது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் நாங்கள் அப்படித்தான், மிக மகிழ்ச்சியாக இருந்தோம்.

இனி கிளாரி ஓட்ஜர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடாவின் அக்கரையைச் சேர்ந்தவன், மனைவியை இழந்தவன். ஆண்டுதோறும் வைட்டிங் மீன் பிடிக்கத் தன் கேரவனை இழுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவான். ஓய்வுபெற்ற ஆண்கள் மரம் அறுத்தும் தேநீர் குடித்தும் பொழுதைக் கழிக்கும் எங்கள் பொதுப் பட்டறைக்கும் வருவான். உதவியாளரோடு வந்த குரல் அமெரிக்கக் குரல். வங்கியில் கடன் மறுப்பவளைப்போல் பேசுகிறாள் என்று லோரிஸ் குறைபட்டாள். அதைக் கேள்விப்பட்ட கிளாரி, தன் குரலைத் தருவதாகப் பட்டறையில் எல்லோர் முன்னிலும் சொன்னான். ஒரு மனிதன் சில நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், பிறகு எதை எழுதினாலும் அந்தப் பெட்டி அவன் குரலில் பேசும். வாக்கியங்களை நான் எழுதிக் கொடுத்தேன்.

“வாத்தியாரே, இந்த மாதிரி எந்த மனுஷன் பேசுவான்? இதப் படிச்சா என் நாக்குக்கு டை கட்டின மாதிரி இருக்கு” என்றான். பட்டறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

லோரிஸும் ஆசைப்பட்டுத் தன் குரலைப் பதிவு செய்தாள். இருவரும் எங்கள் சமையலறையில் மாறி மாறிப் படித்தார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் கேலி செய்தார். அப்படித்தான் அவர்கள் நெருங்கினார்கள். ஆகவே அந்த நெருக்கத்தை உண்டாக்கியவன் நான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஈஸ்டர் முடிந்ததும் அவன் வடக்கே புறப்படுவதாகவும், தான் அவனோடு போகப்போவதாகவும் லோரிஸ் சொன்னாள். வற்றிய ஏரிகள், சிவந்த பாறைகள், மேற்குக் கரை என்று கண்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவர ஓராண்டுக்கு மேல் ஆகும். கண் தெரியாதவளுக்கு எதற்கு ஊர் சுற்றல் என்று நிதானமாகக் கேட்டேன்.

“ஓரம் தெரியுதே மெர்வ். இந்த நாட்டுல பாக்க வேண்டியது எல்லாம் ஓரத்துலதான் இருக்கு. அதுவும் இல்லன்னா அவன் சொல்லுவான், நான் கேட்டுப்பேன்.”

சொல்லக் கேட்பதற்கு வீட்டை விட்டுப் போகவேண்டிய அவசியம் இல்லை. இந்த எண்ணம் எனக்கு அப்போதே தோன்றியது. அது நியாயமானது என்று இப்போதும் நம்புகிறேன்.

கேரவனின் சக்கர அச்சைப் பழுதுபார்க்கக் கிளாரி அக்கரைக்குப் போயிருந்தான். சனிக்கிழமை வந்து அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை முற்பகல் அவள் தலைமுடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, தையல் அறையில் உட்கார்ந்து, லோரிஸின் குரலில் அவனை அழைத்தேன். என் கண்ணை நம்பி இவ்வளவு தூரம் வர எனக்குத் துணிவில்லை, நீ வராதே, கூப்பிடாதே, குரலைக் கேட்டால் மனம் இளகிவிடும் என்று நான் தட்டச்சு செய்ததை அவள் குரல் மிகக் கண்ணியமாகச் சொன்னது. அவன், “சரி, பொண்ணே. உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னான்.

அன்று மாலை கிளாரியின் குரலில் லோரிஸை அழைத்தேன். பாதை மோசமாக இருக்கிறது, முதலில் நான் போய்ப் பார்க்கிறேன், ஞாயிறுதோறும் பேசுகிறேன், அடுத்த சுற்றில் உன்னை அழைத்துப்போகிறேன். அவள் கட்டி வைத்திருந்த பையை அவிழ்க்க நானே உதவினேன். இனி வீட்டுக்கு வரும் அழைப்புகளும் அவள் கேட்கும் எண்களும் முதலில் தையல் அறைக்கே வரும்படி உதவியாளரை மாற்றியமைத்தேன்.

அன்றுமுதல் ஞாயிறு பிற்பகல்களே எங்கள் வீட்டின் திருநாள்களாயின. அவள் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு, பேஸ்டி என்ற இறைச்சிப் பணியாரத்தைச் சூடாக்கிக்கொண்டு, சமையலறை மேசையில் காத்திருப்பாள். நான் பட்டறைக்குப் போவதாகச் சொல்லி முன்வாசலால் வெளியேறி, பக்கக் கதவால் தையல் அறைக்குள் வந்துவிடுவேன். வார்த்தைகள் தாமதமாக வருவதற்குப் பாலைவனத் தொலைபேசி இணைப்பைக் காரணம் சொன்னேன். கிளாரியைப்போல் பேசுவதற்காக, கற்ற இலக்கணத்தையெல்லாம் விட்டுக்கொடுத்தேன். இதை எவரும் எனக்கு வரவு வைக்கவில்லை. கூபர் பீடி என்ற பாலைவன ஊரில் நிலத்தடி வீடுகளைக் காட்டினேன். கேத்தரின் என்ற ஊரருகே பள்ளத்தாக்கின் சுவர்கள் மாலையில் நிறம் மாறுவதைச் சொன்னேன். என் வகுப்பில் எந்த மாணவனும் அப்படிக் கேட்டதில்லை.

அவள் சிரித்த நகைச்சுவைகள் எல்லாம் என்னுடையவை. அவளுக்கு அது தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சிரிப்பு உண்மை அல்லவா?

ஒருமுறை அவள் என்னைப் பற்றிப் பேசினாள். “மெர்வ் நல்லவன்தான், கிளாரி. ஆனா அவன் வீட்டுல மூச்சு விடறதுக்கும் கையத் தூக்கி அனுமதி கேக்கணும்.”

தட்டச்சு செய்திருந்த ஒரு வரியை அழித்தேன். பிறகு கிளாரியின் குரல் சொன்னது: “அப்படிச் சொல்லாத. உன் அண்ணன் மாதிரி ஒரு ஆளு கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்.”

அவள் வியப்படைந்தாள். அவன் பெருந்தன்மையை அன்றிரவு உணவின்போது என்னிடமே புகழ்ந்தாள். எனக்கு உணவு மிகவும் ருசித்தது.

ஜூலையில் வடக்கே ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கிளாரிக்கு மாரடைப்பு, மகள் வந்துகொண்டிருக்கிறாள், அவனோ லோரிஸைக் கேட்கிறான். லோரிஸ் தோட்டத்தில் துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் தையல் அறைக்குப் போய் அவள் குரலில் பேசினேன். வர இயலாது என்றேன். அந்தச் செவிலி அன்பானவள்.

“பரவால்லம்மா. போனை அவரு காதுல வைக்கிறேன். உங்க குரலைக் கேட்டாலே போதும் அவருக்கு. ஏதாவது சொல்லுங்க.”

என்ன சொல்வதென்று சிந்தித்தேன். ‘பத்திரமா போயிட்டு வா, கிளாரி’ என்று எழுதி, பிழை உண்டா என்று ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினேன். அவன் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. மறுநாள் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதை லோரிஸுக்குப் படிக்கவேண்டாம் என்று உதவியாளருக்குக் கட்டளையிட்டேன்.

அடுத்த ஞாயிறு கிளாரி புரூம் நகரிலிருந்து பேசினான். முத்துக்குளிக்கும் படகுகளைப் பற்றி. அவள் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

என் தவறு ஒன்றே ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். முன்வாசல் மணியை உதவியாளரோடு இணைத்திருந்தேன். அறிமுகமில்லாதவர் அழுத்தினால், வீட்டில் எவரும் இல்லை என்று அது பணிவாகச் சொல்லி அனுப்பிவிடும். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் முன்வாசலுக்கு வருபவர்கள் பாதிரியாரும் விற்பனையாளரும் மட்டுமே. வேண்டியவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்பக்க வலைக்கதவைத் தள்ளியபடியே குரல் கொடுப்பார்கள். நானும் பிறந்தது முதல் அப்படித்தான் எல்லா வீடுகளுக்கும் போயிருக்கிறேன். எவ்வளவு இயல்பான பழக்கமென்றால், அங்கே ஒரு கதவு இருக்கிறது என்பதே நினைவுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் ஆறாம் நாள், ஞாயிறு, கிளாரியின் மகள் ரேலீன், தந்தையின் சாம்பலை எங்கள் ஊர்ப் படகுத்துறையில் கரைக்க வந்தவள், லோரிஸையும் அழைத்துப்போகலாம் என்று பின்பக்கமாக வந்தாள். நான் தையல் அறையில் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. ஒலிவாங்கி வழியாகக் கேட்டதை மட்டுமே எழுதுகிறேன். கிளாரி அப்போது கடற்கரையில் ஒட்டகங்கள் வரிசையாகப் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வலைக்கதவு அடித்துக்கொண்டது. ஏதோ கீழே விழுந்தது.

“அது எங்கப்பா குரல்” என்றாள் ஒரு பெண். “எங்கப்பா செத்து மூணு வாரம் ஆச்சு. யாரு இது?”

லோரிஸ் ஒலிபெருக்கியிடம்தான் கேட்டாள்: “கிளாரி, நீ நல்லா இருக்கியா?”

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. அவளைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது மட்டுமே நினைவில் இருந்தது. “நான் நல்லாத்தான் இருக்கேன், லோரிஸ்” என்று கிளாரியின் குரல் சொன்னது.

அவள் சுவரைத் தடவிக்கொண்டு கூடத்தைக் கடந்து வரும் ஓசை கேட்டது. தையல் அறையின் கதவைத் திறந்தாள். என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நேராகவே பார்த்தாள்.

“கடைசியா அவன்கிட்ட என் குரல்ல என்ன சொன்ன?”

சொன்னேன். நான் பொய்யன் அல்லன். அவள் கைப்பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ரேலீனின் காரில் ஏறிப் போனாள்.

இதைக் கொலை என்பவர்களுக்குச் சொல்கிறேன்: கொலை என்றால் ஓர் உயிரை ஒருவர் எடுக்கவேண்டும். கிளாரியின் உயிரை அவன் இதயம்தான் எடுத்தது. நான் அவனிடமிருந்து எடுத்தது ஒரு விடைபெறுதலை மட்டுமே. அதையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஒரு நல்ல வாக்கியத்தைக் கொடுத்துத்தான் அனுப்பினேன். என் தங்கையை ஏமாற்றினேன், அவள் அழைப்புகளைத் தடுத்தேன், இறக்கும் மனிதனை அவள் குரலால் வழியனுப்பினேன். இவை அனைத்தையும் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே. குரல்கள் உள்ள என் கணினிப் பெட்டி உங்கள் காவலில் இருக்கிறது. கிளாரியின் குரலை அழித்துவிடுங்கள், மறுப்பில்லை. லோரிஸின் குரலை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்பதை அவள் வாயாலேயே உங்களுக்குக் கேட்கச் செய்கிறேன்.