தெருமுனையில் நின்ற ஜீப்

குந்து சார், மோர் குடி. ஆனா ரத்தம் மட்டும் கேக்காத.

இன்னா, என்னிய மறந்துட்டியான்னா கேக்குற? எப்பிடி மறக்கும்? போன வருசம் இதே ஜீப்ப தெருமுனையில நிறுத்தி, எங்க சொந்தம் அத்தினி பேருக்கும் ரத்தம் எடுத்துகினு போனியே. எம் மவன் ராஜாராம் கால் வெளங்காம செத்தானே, அது இன்னா நோவுன்னு சொல்றேன்னியே. சொன்னியா?

ஆராய்ச்சி முடியலியா? டிவியில சொன்னான், மனுசன் ஒடம்புல கீற ஜீன் அத்தினியும் படிச்சிட்டாங்கன்னு. ஒலகத்தையே படிச்சீங்க, என் வூட்டு ரத்தத்த படிக்க முடியலியா?

ரகசியமா? யாருக்கு ரகசியம்? எனக்குத்தான் ரகசியம். பெரியவன் லாரி ஓட்டறானேன்னு இன்சூரன்சு போடப் போனா, ஏஜெண்டு ஏசுதாஸ் சொல்றான், உங்க வம்சத்துக்கே ரத்தத்துல கோளாறாமே, கம்பெனி ஒத்துக்காதுண்ணேன்னு.

நீ சொல்லல சார், உன் ஜீப்பு சொல்லிச்சு. பரம்பரை நோய் ஆராய்ச்சின்னு கொட்ட எழுத்துல போட்டுகினு நாளெல்லாம் நின்னா, டீக்கடையில கீறவன் கண்ண மூடிக்குவானா?

எம் பொண்ணு சுபாஷ்ரீக்கு புள்ளலூர்ல பேசி முடிச்சிருந்தேன். பூ வச்சிட்டுப் போனவங்க, ஜீப்பு வந்துட்டுப் போன மறுவாரமே ஜாதகம் பொருந்தலன்னு ஆள் அனுப்பிட்டாங்க. பூ வச்சப்ப பொருந்தின ஜாதகம் சார்!

அப்புறம் எவனும் எம் வூட்டுல வந்து தண்ணி கூட குடிக்கல. நான் இன்னா பண்ணுவேன், வெளியில போனாத்தானே கேள்வின்னு சொந்தத்துலயே குடுத்துட்டேன். எம் பொண்டாட்டி தம்பிக்குத்தான். தாய்மாமன், அவன் வேணான்னுவானா? நானே எங்க அக்கா பொண்ணத்தான் கட்டினேன்.

இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரியா போவுது? நேத்து ஆசுபத்திரி நர்சம்மாவும் இப்பிடித்தான், சொந்தத்துலயா கட்டினீங்கன்னு கேட்டு மூஞ்ச திருப்பிகிச்சு. அப்பலேந்து எனக்கு சோறு எறங்கல. நான் பண்ணது தப்பா? இல்ல, கேக்கறேன். தப்புன்னா, ஒரு வருசமா வாயில இன்னா வச்சிகினு இருந்த? கண்ணாலத்துக்கு முன்னாடி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, சொந்தத்துல குடுக்காத பெரியவரேன்னு சொல்லியிருந்தா, உன் ஆராய்ச்சி கெட்டா பூடும்?

இரு, இரு. இப்ப ஒண்ணும் சொல்லாத. சொல்றதுன்னா வா, ரோட்டாண்ட போயி பேசலாம். சுபாஷ்ரீ உள்ளதான் கீது. வாந்தியா எடுத்துட்டு இப்பத்தான் கண்ண மூடிச்சு.

மூணாவது மாசம்.