நாப்பது சேலையும் ஒரு தீப்பெட்டியும்

...இல்லீங்க, நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் ஒரு ரயிலா? பாலக்கோட்டுல ஏறுனம். தருமபுரி போயி சேர்றதுக்குள்ள எறங்கி, ஒண்ணுக்கு போயிட்டு, வெத்தலயும் போட்டுட்டு, ஓடாம நடந்தே வந்து மறுபடி ஏறிக்கலாம். நா ஏறியிருக்கறேன். கார்டு எனக்கு சலாம் போட்டான்.

தள்ளி ஒக்காருங்க. அது என்னங்க மடியில, அப்பிடி கட்டிப் புடிச்சிக்கிட்டு? கோழியா? இல்லியா? சரி, அது உங்க விசயம். எங்கதைய கேளுங்க.

நம்ம தொழிலு பட்டு. தறி தறியா அலைஞ்சு நல்ல சேலையா பொறுக்கி, மூட்ட கட்டி, நாகப்பட்டணத்துல கப்பலேத்தி பினாங்குக்கு அனுப்பறது. அங்க மாரப்பன்னு ஒரு யாவாரி. பினாங்குக்காரன் இல்லீங்க, நம்ம காரிமங்கலத்தான். இங்க கோமணத்தோட எருமைய மேச்சவன், இப்ப பூட்சு மாட்டிக்கிட்டு எனக்கு காயிதம் எழுதறான். 'அசல் பட்டாக மட்டும் அனுப்பவும். ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்பவும்.' எனக்கு. கருப்பண்ணனுக்கு. பட்டப் பத்தி.

அவனையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. இப்ப ஜப்பான் நூலு ஒண்ணு வந்திருக்குது. பாத்தா பட்டு, தொட்டா பட்டு, தண்ணி பட்டா பல்ல இளிச்சிரும். எவனோ அத அங்க பட்டுன்னு தள்ளிவுட்டுட்டான். மணவறையில பொண்ணுக்கு வேத்து, சாயம் ஒழுகி, பக்கத்துல இருந்த மாப்பிள்ளை வேட்டியெல்லாம் செவப்பு. வந்த கூட்டம் என்ன நெனச்சிருக்கும்... அத வுடுங்க.

அதுக்குத்தான் நா நாப்பது சேலை அனுப்புனேன். அத்தனையும் பாலக்கோட்டு சென்றாயன் தறியில நெய்ஞ்சது. கன்னடக்காரன், வாயத் தொறந்தா பத்து வார்த்த பேசமாட்டான், கையில சரசுவதி. நாப்பதும் அசல். நாப்பதும் திரும்பி வந்திருச்சுங்க.

ஏன்னு கேளுங்க. அந்தூரு பொம்பளைங்க கட்டமாட்டாங்களாம். தீ பட்ட துணி முகூர்த்தத்துக்கு ஆவாதாம். அக்கினிய வளத்து, அக்கினி சாட்சியா தாலி கட்டி, அதையே சுத்தி சுத்தி வர்றாங்க. அந்த அக்கினி சேலைய தொட்டா மட்டும் ஆவாதாம். எந்த ஊரு நாயம் இது? யுத்தம் வேற வந்திருச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கறான். இனி கப்பலு போவுமோ போவாதோ, இவங்களுக்கு குஞ்சம் கருப்பா இருக்குதுன்னு கவல.

எப்பிடி தீ பட்டுச்சா? அட, தீன்னா தீ இல்லீங்க. சோதன.

பட்டு நூல கொளுத்துனா தலமயிரு பொசுங்குற நாத்தம் வரும். ஜப்பான் நூலு காயிதமாட்டம் எரியும். அவ்வளவுதான் வித்த. ஒரு நூல உருவி கொளுத்தலாம், எல்லாரும் அப்பிடித்தான் செய்யறாங்க. ஆனா உருவுன நூலு இந்த சேலையிதுதான்னு கடலுக்கு அந்தாண்ட இருக்கறவன் எப்பிடி நம்புவான்? அதுனால நா முந்தானிக் குஞ்சத்துலயே தீக்குச்சிய வச்சேன். நுனியில கருப்பா கடுகளவு நிக்கும். அத்தாட்சி. சென்றாயன் 'பேடா சாமி, பேடா'ன்னு கைய புடிச்சான். வேண்டாமாம். தறிக்காரனுக்கு யாவாரம் என்னங்க தெரியும்? ஒண்ணு வுடாம நாப்பதும் வச்சேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. எம்பொண்டாட்டி தீர்த்தம்மா சிரிக்கலீங்க.

நாப்பத்தோராவது ஒண்ணு இருந்துச்சு. வர்ற வெள்ளிக்கெழம எம்பொண்ணு சின்னபொண்ணுக்கு கல்யாணம். அவளே சென்றாயன் தறிக்கிட்ட நின்னு, அரக்கு நெறம், மாங்கா கரைன்னு சொல்லி நெய்ய வச்ச சேலை. மூட்டயோட மூட்டயா அதுவும் கெடந்துச்சு. பினாங்குல எவளோ கட்டறதுக்கு சோதன, எம்பொண்ணுக்கு சும்மாவான்னு... கை பாட்டுக்கு குச்சிய கிழிச்சிருச்சுங்க.

கல்யாணத்துக்குன்னு எடுத்துப் பிரிச்சப்பதான் அவ பாத்தா. மடிச்சு பொட்டியில வச்சா. ஒரு வார்த்த பேசல, அழுவக்கூட இல்ல. அழுதிருந்தா ரெண்டு அதட்டு போட்டு சமாளிச்சிருப்பேன். இது தாங்கலீங்க. நாலு நாளா எனக்கு சோறு எறங்கல. 'அதே மாதிரி சேலை இல்லாம வூட்டுக்குள்ள கால வைக்காத'ன்னு தீர்த்தம்மா கதவ சாத்திட்டா.

அதான் பொழுது விடிய சென்றாயன் வூட்ல போயி நின்னேன். இன்னொண்ணு நெய்ய பதினஞ்சு நாளாவுமாம். அரக்குல மாங்கா கரை ஒண்ணே ஒண்ணு இருந்துச்சாம், அதையும் எவனோ எனக்கு முன்னாடியே வந்து வாங்கிட்டு போயிட்டானாம். வெளங்குவானா அவன்?

என்னங்க? மொகம் ஒரு மாதிரி ஆவுது. ஏனுங்க... அந்தப் பொட்டணம்... சென்றாயன் மஞ்சக் கயிறுலதான கட்டிக் குடுப்பான்.

சாமி. நா சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. நீங்க நல்லா வெளங்குவீங்க. உங்க பொண்ணுக்கு எப்ப கல்யாணம்? தையிலயா? தை எங்க இருக்குது, இது ஆவணி. அதுக்குள்ள சென்றாயன் ரெண்டு நெய்ஞ்சு குடுப்பான், நா கூடவே ஒக்காந்து வாங்கித் தர்றேன். இத எம்பொண்ணுக்கு வுட்டுக் குடுங்க. கால்ல வேணா வுழுவறேன்... குடுக்கறீங்களா? நெசமாவா?

உங்க கொலம் தழைக்கணுமுங்க. இருங்க, பிரிக்கறேன். அதே அரக்கு. அதே மாங்கா. எம்பொண்ணு இன்னிக்கு என்கிட்ட பேசிருவா. இன்னிக்கு சோறு திம்பேன்.

ஒண்ணே ஒண்ணுங்க. சென்றாயன் யோக்கியன்தான், நீங்களும் நல்ல மனுசந்தான். இருந்தாலும் கைமாறுறப்ப பாத்துக்கறது நல்லதுதான? நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. குஞ்சத்துல ஒரே ஒரு நூலு, கண்ணுக்கே தெரியாது. காத்து அடிக்குது, கொஞ்சம் கையால மறைங்க, குச்சி அணஞ்சிரும்...

ஏனுங்க. புடுங்காதீங்க, கிழிஞ்சிரும். எங்க எறங்கறீங்க, வண்டி ஓடுது... ஏனுங்க, சேலை... எம்பொண்ணு...

யோவ் கார்டு, வண்டிய நிறுத்துய்யா. அதோ, பொட்டணத்தோட போறாரே, அவரத்தான். ஓடக்கூட இல்லய்யா. நடந்தே முந்திக்கிட்டு போறாரு.

...ஸ்ஸ்... குச்சி கைய சுட்டிருச்சு.