டம் என்று கேட்க வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் மணிமேகலை அவர்களே, கணவரைப் பறிகொடுத்த துயரத்திலும் நம்மோடு வந்து அமர்ந்திருக்கும் ஆனந்தமேரி அம்மா அவர்களே, இன்று தண்ணீர் வருகிற நாள் என்று தெரிந்தும் குடங்களைக் குழாயடியில் வரிசை போட்டுவிட்டு இங்கே கூடியிருக்கும் என் தெருச் சொந்தங்களே, வணக்கம்!

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஸ்டீபன்ராஜ் அவர்கள் மறைந்துவிட்டார். அழத்தான் வந்தோம். ஆனால் வென்றவரை வழியனுப்ப அழுகை மட்டும் போதுமா?

நம் திண்டுக்கல்லில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வந்த அன்று டிரம், அண்டா, தொட்டி எல்லாவற்றையும் நிரப்பிவிடுவோம். யாருக்குச் சேமித்தோம்? நமக்கா? கொசுவுக்கும் சேர்த்துத்தான்! ஒரு மழைக்காலத்தில் நம் சைனம்புவின் மகள் மஹ்ஜபீன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை பிழைக்குமா என்று தெருவே தவித்தது. அவள் வீட்டு டிரம்மில் கொசுப்புழு நெளிந்தது. தண்ணீரைக் கொட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஸ்டீபன்ராஜ் போய் நின்றார்.

"ஏண்ணே, அடுத்த தண்ணி என்னைக்கு வரும்னு ஒங்களுக்கே தெரியாது. கொட்டிப்புட்டா எம்புள்ளைக்குக் கஞ்சிய எதுல காச்ச? ஒங்க பேனா மையிலயா?" என்றார் சைனம்பு.

"கொட்ட வேணாம்மா. வடிகட்டி வேற டிரம்முக்கு மாத்துவோம். இதைத் தேச்சுக் கழுவி வாயைக் கட்டுவோம். டிரம்மு வாயைத்தான்மா சொன்னேன்!"

அழுத முகம் சிரித்தது. டிரம்மின் உள்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும் என்று தேங்காய் நாரால் அவரே தேய்த்தார்.

தெரு முழுக்கப் பழைய சேலைகளைக் கிழித்து டிரம்களை மூடினோம். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் புழு! ஏன்? முடிச்சுப் போட்ட துணி தளர்ந்து தண்ணீருக்குள் தொங்கியது. தொட்டில் கட்டிக் கொடுத்தால் கொசு வேண்டாம் என்றா சொல்லும்?

அம்புட்டும் வீண் என்று நாம் சலித்துக்கொண்டபோது, அவர் சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். துணியை இழுத்து டியூபால் இறுக்கினார். தட்டினார். டம்!

"தோலு பதப்படுத்துற ஊர்க்காரங்களுக்கு இழுத்துக் கட்டச் சொல்லித் தரணுமாக்கும்? தட்டுனா டம்முன்னு கேக்கணும். தொங்குச்சு, திரும்ப வாரேன்!"

வந்தார்! வாராவாரம் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். டியூப் கட்டிய அடுத்த மழையிலேயே அக்கம்பக்கமெல்லாம் காய்ச்சல். நம் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை! அதற்கடுத்த மழையிலும் இல்லை! கொசுவர்த்தி இல்லாமல் பிள்ளைகள் தூங்கினார்கள். வெற்றி என்பது வேறென்ன? இதோ, மஹ்ஜபீன் கல்லூரியிலிருந்து நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே!

சற்றுமுன் வாசலில் சைனம்பு என்னிடம், "சார், இனிமே டிரம்மை யாரு தட்டிப் பாப்பாங்க?" என்று கலங்கினார். "நான் தட்டுறேம்மா. தொங்கவிட்டா ஒன்னையும் வையத்தான் செய்வேன்" என்றாள் மகள். அந்தச் சொல்லே நம் எல்லோருடைய உறுதிமொழி.

மௌன அஞ்சலி வேண்டாம், அன்பர்களே. தளர்ந்த துணிதான் மௌனமாக இருக்கும். வீட்டுக்குப் போங்கள். தண்ணீர் பிடியுங்கள். இறுக்கிக் கட்டுங்கள். தட்டுங்கள்! ஆனந்தமேரி அம்மாவின் வீடு தெருக்கோடியில் இருக்கிறது. அங்கு வரைக்கும் கேட்க வேண்டும்!