சூடு ஆறுவதற்குள்

டோனட்டைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும், ஐயா. ஆறிவிட்டால் அது வேறு பண்டம். காலையில் விசாரணை தொடங்குமுன் நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது நேற்றுப் போட்டது. அமுக்கிப் பார்த்தேன், அமுங்கினது அமுங்கினபடியே கிடந்தது. புதிதாகப் போட்டது அப்படிக் கிடக்காது. விரலை எடுத்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்துவிடும்.

நான்காம் மாடிக் கணக்கு அக்காவுக்கு ஏன் மணி கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். டோனட்டைத் தொடாமல் அந்த இடத்துக்கு வர வழியில்லை.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடத்துக்கு நான்தான் தீப்பாதுகாப்புப் பொறுப்பாளர். நெருப்புப் பிடித்தால் எல்லாரையும் வெளியேற்றுவது, பிடிக்காத நாட்களில் பிடித்ததாக வைத்துக்கொண்டு வெளியேற்றிப் பழக்குவது, இதுதான் என் உத்தியோகம். யாருக்கும் பிடிக்காத உத்தியோகம். நான் வராந்தாவில் வந்தாலே பாதிப் பேர் சிகரெட்டை மறைப்பார்கள், மீதிப் பேர் முகத்தை மறைப்பார்கள். இரண்டாம் மாடி கேன்டீனுக்கு டோனட் மாஸ்டர் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு ஆபீசுக்குப் போவதில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை ஒளிப்பானேன்.

மாஸ்டர் மாவை வட்டமாக வெட்டி, ஈரத்துணிக்கு அடியில் உப்ப விடுவார். குழந்தையைத் தூங்க வைத்தவர் மாதிரி அதன் பக்கத்தில் சத்தமாகப் பேசமாட்டார். எண்ணெயில் போட்டால் மூழ்காது, மிதக்கும். இரண்டு பக்கமும் சிவந்து, இடுப்பில் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம் நிற்கும். "அந்த வளையம் இருந்தாத்தான் சார் உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம்," என்பார். சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்ததும் மேலே கண்ணாடி போல ஒரு படலம் படியும். பல் பட்டதும் அது உடையும். உள்ளே ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே இல்லாததை மெல்லுவதில் இத்தனை சுகம் எங்கிருந்து வருகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். என் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. "உசிரு போற நேரத்துலயும் அது சூடா இருக்கான்னுதான் கேப்பீங்க," என்பாள். யாருடைய உயிர் என்று அவள் சொன்னதில்லை.

சிக்கல் எல்லாம் எண்ணெயில்தான். சரியாக முதல் சட்டி டோனட் வெந்து வரும் நேரத்தில் அது லேசாகப் புகையும். வராந்தாக் கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்கு அது போதும். எல்லா மாடியிலும் மணி அலறும். மணி அடித்தால் போட்டது போட்டபடி படியில் இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் போய் நிற்க வேண்டும். லிஃப்ட்டைத் தொடக்கூடாது. தீயணைப்பு வண்டி வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் மேலே ஏறலாம். விதியை எழுதியவனே நான்தான். ஏறிப் போனால் டோனட் ஆறி, பாகு பிசுபிசுத்து, தட்டோடு ஒட்டிக் கிடக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை நான் அங்கேதான் அனுபவித்தேன். ஒருமுறை தீயணைப்பு அதிகாரி, "மறுபடியும் நீங்களா?" என்று அலுத்துக்கொண்டே ஆறிய டோனட் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு," என்றார். அவர் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். எங்கள் கட்டடத்தில் தினமும் புகைந்தது, நெருப்பே இல்லை. அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், நான் முறைப்படி கேட்டேன். "கூட்டத்துல வெச்சுப் பேசிடுவோம்," என்றார். கூட்டம் நடந்தது. கூட்டத்துக்கு டோனட் வந்தது. சூடாக இருந்ததால் யாரும் பேசவில்லை. எழுந்து போகும்போது மேனேஜர் என் தோளைத் தட்டி, "அந்த மணியை மட்டும் ஏதாவது பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியும். ஹோட்டல்களில் குளிக்கும்போது தலையில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தொப்பி வைப்பார்களே, அதில் ஒன்றை என் மனைவி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அதைப் புகை அலாரத்துக்கு மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முதலில் எண்ணெய் காயும் நேரத்துக்கு மட்டும் மாட்டுவேன், சாப்பிட்டு முடித்ததும் கழற்றுவேன். தினமும் ஏணி ஏறி இறங்குவது ஆபத்தான காரியம், ஐயா. விழுந்தால் இடுப்பு உடையும். பாதுகாப்பை உத்தேசித்துத்தான் அதை அப்படியே விட்டேன். புகை படி வழியாக மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் ஏறி அங்கிருந்த புகை அலாரங்களைக் கிளப்பியது. கடைகளில் அந்தத் தொப்பி கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

நான்காம் மாடியில் அக்காவின் அறை வாசலுக்கு நேர் மேலே ஒரு புகை அலாரம் இருந்தது. அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. கணக்கில் புலி. முட்டிதான் சரியில்லை. ஒத்திகை நாட்களில் மணி அடித்ததும் முதல் ஆளாகக் கிளம்பி, கடைசி ஆளாகக் கீழே வந்து சேர்வார். "எனக்கு அந்த மணிதான் தம்பி துணை. அது அடிச்ச உடனே கிளம்பினாத்தான் என் காலுக்குக் கட்டுப்படியாகும்," என்பார். சர்க்கரை நோய் இருந்ததால் டோனட்டைத் தொடமாட்டார். நீட்டினால், "எனக்கு வாசனையே போதும் தம்பி," என்று சிரிப்பார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

நான் ஏணியோடு போன அன்று வெளியே வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, அதுக்கும் குளிருதா?"

"தூசி அக்கா. உள்ள போனா கெட்டுடும்."

"நீங்க சொன்னா சரிதான். பாத்து ஏறுங்க, ஏணி ஆடுது."

ஆடத்தான் செய்தது. வலிக்கும் காலோடு வந்து அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் தொப்பியை மாட்டி இறங்கும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு ஓர் ஆண்டு முழுக்க எங்கள் கட்டடத்தில் மணி அடிக்கவே இல்லை. அதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். இப்போது அவர், தொப்பியைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். அவர் மேலே பார்த்து நடக்கிற வழக்கமில்லை.

அன்று எண்ணெய் பற்றிக்கொண்டது. அது மாஸ்டர் தப்பு இல்லை. எண்ணெயை அதன் எல்லை வரைக்கும் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் டோனட் எண்ணெய் குடித்துக் கனத்துவிடும். ஒரு சட்டி எடுத்து, முக்கி, என் பெட்டியில் ஆறு வைத்துக் கொடுத்திருந்தார். அடுத்த சட்டிக்கு மாவு எடுக்கத் திரும்பியபோது தீ எழுந்து திரைச்சீலையைப் பிடித்தது. "சார், மணியை அடிங்க சார்!" என்று கத்திக்கொண்டே அவர் ஈரத்துணியோடு அடுப்பின்மேல் பாய்ந்தார். கை இரண்டும் வெந்துபோனது அப்போதுதான்.

படிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. கண்ணாடியை உடைத்து அமுக்கினால் மணி அடிக்கும், தொப்பியெல்லாம் அதைத் தடுக்காது. அதைத் தாண்டித்தான் போனேன். கண்ணாடியை உடைக்க ஒரு கை வேண்டும். டோனட் பெட்டியோ இரண்டு கை வேலை, சாய்ந்தால் பாகு வழிந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பொறுப்பாளர் கடைசியில்தான் வெளியேற வேண்டும் என்று நான் எழுதிய விதி சொல்கிறது. ஆனால் வழிகாட்ட ஒருவர் முன்னால் போக வேண்டும் அல்லவா, நான் முன்னால் போனேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஐயா. மேல் மாடிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் கேன்டீனில் இருந்தார்கள். டோனட்டுக்காக இறங்கி வந்திருந்தார்கள். அதனால்தான் தீயைக் கண்ணால் பார்த்தார்கள், ஓடித் தப்பித்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது டோனட். இதைப் பத்திரிகையில் யாரும் எழுதவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். நான் மேய்ந்தது டோனட்டை மட்டும்தான். அக்காவும் கொஞ்சம் டோனட் சாப்பிடுகிறவராக இருந்திருந்தால் இன்றைக்கு நம்மோடு இருந்திருப்பார்.

கீழே வந்ததும் நான் ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கூட்டத்தில் பெட்டியைத் திறந்தால் மரியாதைக்காவது நாலு பேருக்கு நீட்ட வேண்டியிருக்கும். தூரத்திலிருந்து மேனேஜர், "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்டார். தலை எண்ணுவது என் வேலை. கடித்துக்கொண்டிருந்ததால் கையை மட்டும் உயர்த்தினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் செல்போன் அடித்தது. அக்கா.

"தம்பி, ஏதோ கருகுற வாசனை வருதே. மணியும் அடிக்கல. நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?"

வேனைத் தாண்டி இரண்டாம் மாடி ஜன்னல் தெரிந்தது. புகை கறுப்பாக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி இன்னும் தெளிவாக இருந்தது, படியும் இருந்தது. அந்தக் காலோடு கிளம்பினாலும் இறங்கியிருப்பார். நீங்கள் கேட்பதற்கு முன்னால் இதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கிளம்புங்கள் என்றால், மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார். தொப்பி என்று சொல்ல வேண்டிவரும். ஏணியைப் பிடித்தவர் அவர். அந்தக் குற்ற உணர்ச்சியை ஒரு நல்ல மனுஷியின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் எப்படியும் அணைத்துவிடுவார் என்றுதான் இருந்தேன்.

உடனே பதில் சொல்லவும் முடியவில்லை. வாய் நிறைய இருந்தது.

"சாப்பிடுறீங்களா? முழுங்கிட்டுச் சொல்லுங்க தம்பி, நான் இருக்கேன்," என்றார்.

காத்திருந்தார். நான் மென்று முடித்தேன். சூடாக விழுங்கினால் தொண்டை வெந்துவிடும், நிதானமாகத்தான் மெல்ல வேண்டும். பிறகு சொன்னேன்.

"டோனட் வாசனைதான் அக்கா. நீங்க உக்காருங்க."

"அதானே பார்த்தேன். நீங்க சொன்னா சரிதான்," என்று வைத்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. டோனட் வாசனையும்தான் வந்துகொண்டிருந்தது.